காவலுக்கு வச்ச சாமிகள்

ஒரு கம்பை மண்ணுல ஊணுதான், கையில இருக்கிற பொட்டியைப் பாக்கான், அளவு வந்துருது. அவ்வளவுதான் வேலை. நகரமைப்புப் பிரிவுல புதுசா சேந்த சர்வேயர் பிள்ளைங்க போன மாசம் ஒரு பூங்காவை அளக்கும்போது, ரிட்டயராகி வீட்ல கிடக்கிற என்னையும் வேடிக்கை பாக்கக் கூப்பிட்டாங்க. வேகாத வெயில்ல நாங்க பகல் பூரா சங்கிலி இழுத்து அளந்ததை, இவங்க வாங்கி வச்ச டீ ஆறதுக்குள்ள அளந்து முடிச்சிட்டாங்க. சங்கிலியெல்லாம் நாங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ளதான் பாத்திருக்கோம் மேடம்னு ஒரு பிள்ளை சொல்லுது. அடி ஆத்தீ, அப்ப என்னையும் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்துலயே நிறுத்த வேண்டியதுதான்.

டீ குடிக்கையில அதே பிள்ளை, இத்தன வருச சர்வீஸ்ல எதைப் பாத்து நீங்க அசந்து போயிருக்கீங்கன்னு கேட்டா. ஏதாவது மிஷினைச் சொல்லுவேன்னு நினைச்சிருப்பா போல. எனக்கு ஞாபகம் வந்தது பிலோமியக்கா முகம். திரேஸ்புரத்துப் பக்கம் மீன் விக்கிற பொம்பளை. நின்ன வாக்குல சொல்லிட்டுப் போற விசயம் இல்ல அது. வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல, அதான் எழுத உக்காந்துட்டேன்.

எனக்குச் சொந்த ஊரு உடன்குடி பக்கம். அப்பா கருப்பட்டி யாவாரம். பொட்டப்பிள்ளை கம்பைத் தூக்கிக்கிட்டுக் காடு கரையெல்லாம் அலையவான்னு சித்தப்பாமாரு குதியா குதிச்சாங்க. அப்பாதான், கடையில உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு அது எவ்வளவோ தேவலைன்னு அனுப்பி வச்சாரு. பயிற்சியில சங்கிலி பிடிக்கவும், புலப்படம் பாக்கவும், மண்ணுக்குள்ள புதைஞ்சு போன எல்லைக்கல்லைக் கண்டுபிடிக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. கல்லைத் தேடுறதுதான் பாதி வேலை, மிச்சப் பாதி ஆளுங்ககிட்ட ஏச்சு வாங்குறது. அந்த ரெண்டாவது பாதியை யாரும் சொல்லிக் குடுக்கல.

என் முதல் மேலதிகாரி மீரான் சார். காயல்பட்டினத்துக்காரரு. வெயிலோ மழையோ, கையில குடை இருக்கும். ஆனா விரிச்சு நான் பாத்ததே இல்ல. எங்க வேலையில பெரும்பாடு, மனை பிரிக்கும்போது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும்னு ஒதுக்கி விட்ட பொது இடங்கள்தான். அதை எவனாவது வளைச்சிருக்கானான்னு பாக்கணும். மத்த அதிகாரிங்க ஜீப்புல வந்து இறங்கினா நேரா உள்ள போயி, கல்லு எங்கன்னு கேப்பாங்க. மீரான் சார் இடத்துக்குள்ள எடுத்ததும் காலே வைக்க மாட்டாரு. வெளியவே நின்னு நாலு பக்கமும் மெதுவா ஒரு சுத்து வருவாரு. எங்க புல்லு முளைச்சிருக்கு, எங்க மொட்டையாக் கிடக்குன்னு பாப்பாரு. பிள்ளைங்க கால் படுற இடத்துல புல்லு நிக்காதுல்லா. அப்புறம் அங்கன ஆடுற பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேப்பாரு.

"பந்து எங்க போய் விழுந்தா உங்களுக்கு ஏச்சு விழும்?"

அதுங்க நான் நீன்னு போட்டி போட்டுக்கிட்டுக் கையை நீட்டும். அந்தப் பச்சை வீட்டுப் பக்கம் போனா மாமா பந்தைக் குடுக்க மாட்டாரு, வேப்பமரத்துப் பக்கம் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு அதுங்களுக்கு எல்லாம் அத்துப்படி. எங்க ஏச்சு விழுதோ அங்க எவனோ ஒருத்தன் இது என் இடம்னு நினைக்க ஆரம்பிச்சிட்டான்னு அர்த்தம். சார் அதை மனசுல வாங்கிக்கிட்டு, அப்புறம்தான் சங்கிலியை இறக்கச் சொல்லுவாரு. அளந்து பாத்தா முக்கால்வாசி நேரம் அந்த ஏச்சு விழுற மூலையிலதான் சுவரு உள்ள வந்திருக்கும்.

அளந்து முடியிற வரைக்கும் அந்தத் தெருவுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டாரு, எங்களையும் குடிக்க விட மாட்டாரு. ஒரு வாய் மோர் வாங்கிக் குடிச்சாலும் குடுத்தவுக பக்கம் கண்ணு சாயும்பாரு. நாக்கு உள்ள இழுக்கும். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அந்தக் குடையைப் புடுங்கி எறிஞ்சிரலாமான்னு இருக்கும். கல்லு இருக்கு, படம் இருக்கு, சட்டுபுட்டுனு அளந்துட்டுப் போவோமேன்னு ஒரு நாள் கடுப்புல கேட்டுட்டேன். கல்லு எல்லையை மட்டும்தான் சொல்லும், இடம் உசிரோட இருக்கான்னு அதுக்குத் தெரியாதும்மான்னு சொல்லிட்டுத் திரும்ப ஒரு சுத்து சுத்தப் போயிட்டாரு. மனுசனை என்ன செய்ய முடியும்?

அவர் சொன்னது எனக்கு விளங்கினது வேற ஒரு ஊர்ல, ஒரு பூங்கா கைவிட்டுப் போனப்பதான். ஊர் பேரு வேண்டாம். அந்த இடத்தை எந்தக் கெட்டவனும் திருடல. தெருக்காரங்க ஒரு மூலையில பால் பூத்து வேணும்னாங்க, வந்துச்சு. ஒரு மூலையில தண்ணித் தொட்டி வந்துச்சு. அப்புறம் ஒரு ஆட்டோ ஸ்டாண்டு, ஒரு படிப்பகம். எல்லாம் நல்ல காரியம், ஒண்ணையும் குத்தம் சொல்ல முடியாது. கடைசியில ஒரு கட்டடக்காரன் வந்து, இதுல பூங்கா எங்க இருக்கு, எனக்கும் ஒரு பங்கு குடுங்கன்னு வழக்குப் போட்டு ஜெயிச்சிட்டான். தீர்ப்பு வந்த அன்னைக்கு மீரான் சார் அங்க போனாரு. அந்தப் பூங்காவுல மிச்சம் கிடந்த ஊஞ்சல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தாரு.

அதுக்கு அப்புறம் நானும் அவரும் தூத்துக்குடிக்கு வந்து பல வருசம் கழிச்சு, அவரு ரிட்டயர் ஆக இருந்த சமயத்துல வந்ததுதான் திரேஸ்புரத்துப் பக்கத்து மைதானம்.

அந்தக் காலத்துல ஒரு உப்பளத்து முதலாளி மனை போட்டு வித்தப்ப நடுவுல விளையாட்டிடம்னு விட்ட இடம் அது. மைதானத்துக்குக் கிழக்க மீன்பிடிக்கிறவுக தெரு, எல்லாரும் வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க. மேற்க கடைக்காரங்க தெரு, எங்க ஊர்ப் பக்கமிருந்து வந்து மளிகைக் கடை வச்சவங்க. ரெண்டு தெருவுக்கும் பெருசா கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனா ரெண்டு தெருப் பிள்ளைங்களும் அங்கனதான் பந்து ஆடும். சுத்து வட்டாரத்துல அதை விட்டா ரோடுதான், ரோட்டுல லாரிதான். அந்த முதலாளியோட வாரிசுங்க மைதானத்தை ஒரு கம்பெனிக்கு வித்துட்டாங்க. கம்பெனிக்காரன் அங்க ஏசி கல்யாண மண்டபம் கட்டப் போறானாம். இது விளையாட்டிடமா இருந்ததெல்லாம் பழைய கதை, இப்ப வேற என்னென்னவோ ஆயிப் போச்சு, எங்களைத் தடுக்கக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போயிட்டான். நேர்ல போய்ப் பாத்து, அந்த இடம் இப்ப என்னவா இருக்குன்னு அறிக்கை குடுக்கச் சொல்லி ஒரு வக்கீலைக் கமிஷனராப் போட்டுச்சு கோர்ட்டு. அளந்து குடுக்க வேண்டியது நான்.

அதுக்கு முந்தி ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோம்னு சாரும் நானும் போனோம். வழக்கம்போல வெளிய ஒரு சுத்து. அப்புறம் ஒரு பயலைக் கூப்பிட்டு வழக்கமான கேள்வி. அவன் ஒரு மாதிரியா சிரிச்சான்.

"எங்க போனாலும் ஏச்சுதான் சார். இங்கன மாதா கெபி, அங்கன பிள்ளையாரு, நடுவுல கொடிக்கம்பம். நாங்க ரோட்டுலதான் ஆடுதோம்."

சார் முகம் செத்துப் போச்சு.

நடந்தது இதுதான். மைதானம் கைமாறிப் போச்சுன்னு தெரிஞ்சதும் கிழக்குத் தெருக்காரங்க ஓடிவந்து ஒரு மாதா கெபி கட்டிட்டாங்க. கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி, உள்ள மாதா சுரூபம் வச்சு, சாமியாரைக் கூட்டிவந்து மந்திரிச்சும் ஆச்சு. மேற்குத் தெருக்காரங்க சும்மா இருப்பாங்களா? அவங்க ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வச்சுத் தகரக் கொட்டகை போட்டாங்க. கட்சிக்காரங்க ஆளாளுக்கு ஒரு கொடிக்கம்பம். வலை வைக்க ஒரு கொட்டகை. யாரும் இடத்தை அமுக்க நினைக்கல. இடத்தைக் காப்பாத்தணும்னா ஒரு சாமியை வையின்னு நம்ம ஊர்ல பச்சப் பிள்ளைக்கும் தெரியும். எந்த மண்டபக்காரன் மாதா மேலயும் பிள்ளையாரு மேலயும் கை வப்பான்னு அவ்வளவு பெருமையாச் சொன்னாங்க.

மேற்குத் தெரு சார்பாப் பேசினது பால்பாண்டி அண்ணாச்சி. மளிகைக் கடை வச்சிருக்காரு, பிள்ளையாருக்கு எல்லாமே அவருதான். இது களவாண்டு வந்த பிள்ளையாரு சர்வேயரம்மா, களவாண்ட பிள்ளையாருக்குச் சக்தி சாஸ்தின்னு என் காதுல ரகசியம் சொல்லுதாரு. எங்க இருந்து களவாண்டீங்கன்னு கேட்டேன். கடைக்காரனுக்குச் சொல்லாமத் தூக்கிட்டு வந்து, மறுநாள் போயி ரூவாயக் குடுத்துட்டேன்னாரு. நாணயமான களவு.

நான்தான் அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்னு சார் சொல்லிட்டாரு. ரெண்டு தெருக்காரங்களையும் கூட்டி வச்சுச் சொன்னேன். கோர்ட்டு போட்ட வக்கீல் வந்தா கண்ணுல பட்டதைத்தான் எழுதுவாரு. இங்க கோயில் இருக்கு, கொட்டகை இருக்கு, கம்பம் இருக்கு, விளையாட்டு எங்கன்னு கேப்பாரு. அதைத்தான் கம்பெனிக்காரனும் கேக்கான். நீங்க காவலுக்கு வச்சதெல்லாம் அவனுக்குச் சாட்சி. மைதானம் வேணும்னா மைதானம் வெறுமையா இருக்கணும்னேன்.

அய்யோ, அன்னைக்கு வாங்கின ஏச்சு இருக்கே! மாதாவை எடுக்கச் சொல்ல நீ யாருன்னு கிழக்க இருந்து. கம்பெனிக்காரன்கிட்ட எவ்வளவு வாங்குனீருன்னு சாரைப் பாத்து மேற்க இருந்து. கொஞ்சம் அடங்கினதும் இன்னொரு சிக்கல். அவுக எடுத்தா நாங்க எடுக்கோம்னு கிழக்குத் தெரு. முதல்ல அவங்க எடுக்கட்டும்னு மேற்குத் தெரு. யாரு முதல்ல சாமி மேல கை வைக்கிறது? அந்தப் பாவம் நமக்கு எதுக்குன்னு எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டாங்க.

அந்தக் கூட்டத்துல வாயே திறக்காதது பிலோமியக்கா ஒருத்தங்கதான். கெபி ஓரத்துல மீன்பொட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஏன் அந்த அக்கா அங்கனயே இருக்காங்கன்னு ஒரு பொம்பளைகிட்ட விசாரிச்சேன். அவங்க வீட்டுக்காரரு சங்கு குளிக்கப் போறவரு. ஒரு காத்துக் காலத்துல போன வள்ளம் திரும்பல, உடம்பும் கிடைக்கல. கல்லறைத் திருநாளுக்கு ஊரே கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தி கொண்டு போகும்போது இந்த அக்காவுக்குப் போய் நிக்க ஒரு குழி கிடையாது. கெபி கட்டுனப்ப, அவரு வாழ்நாள்ல தனக்குன்னு எடுத்து வச்சிருந்த சங்கையெல்லாம் கொண்டுவந்து சிமெண்டு ஈரமா இருக்கையில இந்த அக்காதான் தன் கையால பதிச்சாங்களாம். அந்த மைதானத்துல பந்து ஆடி வளந்தவரு அவரு. அந்த வருசம் கல்லறைத் திருநாளுக்கு முதல் தடவையா அக்கா மெழுகுவத்தி ஏத்துனது அந்தக் கெபியிலதான்.

மறுநாள் சார்கிட்டப் போயி, அந்தக் கெபியை மட்டும் விட்டுருவோம் சார், சின்ன இடம்தானேன்னு கெஞ்சினேன். அவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆனா, கெபியை விட்டா பிள்ளையாரை எடுக்கச் சொல்ல எந்த மூஞ்சியோட போவேம்மான்னு கேட்டாரு.

வக்கீல் வர்ற நாள் நெருங்கிருச்சு, ஒருத்தரும் அசையல. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பால்பாண்டி அண்ணாச்சி போன் போட்டு, உடனே வாங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. அடிதடிதான்னு நினைச்சு ஆட்டோ பிடிச்சுப் போனேன்.

ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, அதனால கிழக்குத் தெரு பூரா மைதானத்துல நிக்குது. மேற்குத் தெருவும் நிக்குது. சத்தமே இல்ல. கெபி முன்னால பிலோமியக்கா முழங்காலு போட்டு உக்காந்து, ஒரு உளியை வச்சுச் சங்கை ஒண்ணொண்ணாப் பேத்து எடுக்காங்க. ஒடையாம எடுக்கணும்னு அவ்வளவு பதனமா. எடுத்ததை முந்தானையில துடைச்சு மடியில வைக்காங்க. அவங்க மகன் பக்கத்துல நின்னு அழுதான். வேண்டாம்மா, அப்பாவுக்கு இதுதான இருக்குன்னான்.

அக்கா நிமிந்து பாத்தாங்க.

"அப்பாவுக்கு அந்தாப் பெரிய கடலு கிடக்குல. பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கையகல இடத்த விட்டா வேற ஒண்ணும் கிடையாது. மாதாவும் பிள்ள பெத்தவதான், கோவிச்சுக்கிட மாட்டா."

எனக்கு உடம்பு பூரா சிலிர்த்துப் போச்சு. இப்ப எழுதும்போதும் சிலிர்க்குது. எத்தனையோ பேரு ஒரு சாண் இடத்துக்காகக் கூடப்பிறந்தவன் மண்டையைப் பிளந்ததைப் பாத்தவ நான். தனக்குன்னு இருந்த ஒரே இடத்தைத் தன் கையாலயே பேத்துக் குடுக்கிற ஒரு ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன்.

மாதா சுரூபத்தை அக்கா புதுச் சேலையில சுத்தி, கழுவின மீன்பொட்டியில வச்சுத் தலையில தூக்கிட்டாங்க. சனம் பின்னால செபம் சொல்லிக்கிட்டே மாதா கோயிலைப் பாத்து நடந்துச்சு. அதே நேரம் மேற்க பால்பாண்டி அண்ணாச்சி பிள்ளையாரைத் தள்ளுவண்டியில ஏத்திக் கடை வாசலுக்குக் கொண்டு போறாரு. நடு மைதானத்துல ரெண்டும் எதிரும் புதிருமா வந்துச்சு. அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழட்டிட்டு, மாதாவுக்கு வழி விட்டாரு. அந்தப் பக்கம் கிழவனாரு ஒருத்தரு தலையில கட்டியிருந்த லேஞ்சியை அவுத்துக்கிட்டுப் பிள்ளையாரைப் பாத்துக் கும்பிட்டாரு. சாமிங்களே எந்திரிச்சுப் போனப்பறம் கட்சிக் கம்பம் நிக்க முடியுமா? பேசாமப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. கெபிக் கல்லையும் கொட்டகைகளையும் ரெண்டு தெருவுமாச் சேந்து பிரிச்சு எடுத்துட்டாங்க.

வழக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அது விளையாட்டிடம்தான், விளையாட்டிடமாவே இருக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. மைதானம் இன்னைக்கும் இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா என்னைக் கேட்டா, அது தீர்ப்பானது கோர்ட்டுல இல்ல. கமிஷனர் வந்த அன்னைக்கு, அங்கனயே தீர்ந்து போச்சு.

அன்னைக்குக் கமிஷனரு வந்தாரு, கம்பெனி வக்கீலும் வந்தாரு. நாங்களும் நின்னோம். மைதானம் கழுவி விட்ட மாதிரி கிடந்துச்சு. பிள்ளைங்க பந்து ஆடுதுங்க. கமிஷனரு முகத்துல ஒரு திருப்தி. எனக்கும் நெஞ்சு குளுந்து போச்சு. ஆனா கம்பெனி வக்கீல் கெட்டிக்காரன். கொஞ்ச நேரம் ஆட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, அங்க பாருங்க சார்னு கையைக் காட்டுனாரு. கெபி இருந்த இடம் மட்டும் வெளிறிப் போயி ஒரு கட்டமாத் தெரிஞ்சுது. ஓடி வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்தக் கட்டத்துக்கிட்ட வந்ததும் ஒதுங்கி, சுத்திப் போகுதுங்க. வேகமா வந்த பய கூட அதுல காலை வைக்காமத் தாண்டுதான். பந்து உள்ள போனா ஒருத்தன் ஓரமா நின்னு குனிஞ்சு கையால எடுக்கான். யாரும் அதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. அதுங்களுக்கா மாதா நின்ன இடத்தை மிதிக்க மனசு வரல.

"கட்டடத்தைத்தான் எடுத்திருக்காங்க சார். இது இன்னும் கோயில்தான். பிள்ளைங்களே சொல்லுதுல்ல?"

கமிஷனரு பேனாவைத் திறந்துட்டாரு. மீரான் சார் என்னைப் பாக்காரு, நான் அவரைப் பாக்கேன். அந்தப் பிள்ளைங்க செஞ்சதைத் தப்புன்னு எப்படிச் சொல்ல? போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

அப்ப ஓரத்துல நின்ன கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் பிலோமியக்கா வந்தாங்க. யாரையும் ஏறிட்டுப் பாக்கல. நேரா வந்து அந்த வெளிறின கட்டத்துக்கு நடுவுல நின்னாங்க. குனிஞ்சு மண்ணைத் தொட்டு நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாங்க. அப்புறம் அந்த இடத்தை ரெண்டு காலாலயும் நல்லா மிதிச்சாங்க. ஆட்டம் நின்னு போச்சு. பிள்ளைங்க மூச்சு விடாமப் பாக்குதுங்க.

"ஏலே, என்னத்தலே சுத்திச் சுத்திப் போறீங்க? இங்கன மிதிச்சு ஆடுங்கலே. அதுக்குத்தான எடுத்தேன்."

முதல்ல ஒரு பிள்ளை பயந்து பயந்து காலை வச்சுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் பந்தும் பிள்ளைகளும் மொத்தமா அது மேல ஓடுச்சுங்க. புழுதி கிளம்பி அந்தக் கட்டம் எங்க இருந்துச்சுன்னே தெரியல. கமிஷனரு பேனாவைப் பிடிச்சபடி அந்த அக்காவையே பாத்துக்கிட்டு நின்னாரு. கம்பெனி வக்கீல் அதுக்கப்புறம் எதையும் காட்டல. மீரான் சாரு வாழ்க்கையில முதல் தடவையா அந்தக் குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாரு, முகம் தெரியாம.

நான் அளக்க வேண்டியவ. டேப்பைக் கையில வச்சுக்கிட்டு நடு மைதானத்துல மரம் மாதிரி நிக்கேன். கண்ணு மறைக்குது, ஒண்ணும் தெரியல. அக்கா போற போக்குல என் கையைத் தட்டுனாங்க.

"சர்வேயரம்மா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. பிள்ளைக ஆடுதுல்ல."

ஒதுங்கி நின்னேன்.